விருந்தோம்பல் இல்லம்

1906ஆம் ஆண்டு ஏப்ரல் 18ஆம் நாள். பொழுது புலரும் நேரத்தில் அமெரிக்காவின் மேற்குக் கரையிலுள்ள சான் பிரான்சிஸ்கோ நகரம் நிலநடுக்கத்தால் குலுங்கியது. அதனைத் தொடர்ந்து மூண்ட தீ, நாள் பலவாக எரிந்து நகரின் பெரும்பகுதியைச் சாம்பலாக்கியது. வீடிழந்தோர் இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்டோர். அவர்களுள் பல்லாயிரவர் படகேறி விரிகுடாவைக் கடந்து, எதிர்க்கரையிலுள்ள ஓக்லாந்து நகரில் வந்து இறங்கினர்.

அந்த ஓக்லாந்தில் எட்டு வயதுச் சிறுமி ஒருத்தி இருந்தாள். நிலம் நடுங்கியபோது அவள் படுத்திருந்த கட்டில் வழவழப்பான தரையில் அங்குமிங்கும் உருண்டது. அந்த அச்சத்தை அவள் வாழ்நாள் முழுதும் மறக்கவில்லை. ஆயினும் அதனினும் ஆழமாக அவள் நெஞ்சில் பதிந்தது, அதற்குப் பின்னர் அவள் கண்ட காட்சியே. அவளுடைய தாயும் அண்டை வீட்டுப் பெண்களும் அகதிகளுக்காக இரவு பகலாகச் சமைத்தனர். வீட்டில் இருந்த மாற்றுடைகளையெல்லாம் எடுத்துக் கொடுத்தனர். பெயர் கேளாமலும் ஊர் கேளாமலும் கொடுத்தனர். சில வாரங்களில் இடர் நீங்கியது. மக்கள் தத்தம் வேலையைப் பார்க்கத் திரும்பினர். இடர் நேரும் காலத்தில் மட்டும் இப்படி வாழ இயலுமென்றால் எல்லாக் காலத்திலும் ஏன் இயலாது என்னும் வினா அச்சிறுமியின் உள்ளத்தில் தங்கிவிட்டது. அவள் பெயர் டோரதி டே.

டோரதி 1897ஆம் ஆண்டு நவம்பர் 8ஆம் நாள் நியூயார்க் நகரின் புரூக்ளின் பகுதியில் பிறந்தார். தந்தை செய்தித்தாளில் விளையாட்டுச் செய்தி எழுதுபவர். நிலநடுக்கத்தால் அச்சகம் அழியவே, அவர் வேலை இழந்தார். குடும்பம் சிகாகோவுக்குப் பெயர்ந்தது. அங்கே மதுக்கடை ஒன்றன் மேல்மாடியில் குடியிருக்க நேர்ந்தது. அவ்வீட்டைத் தோழியர்க்குக் காட்டச் சிறுமி நாணினாள். வறுமையினும் வறுமையால் வரும் வெட்கம் கொடிது என்பதை அவர் இளமையிலேயே அறிந்துகொண்டார். பிற்காலத்தில் தம் வாயிலுக்கு வந்து நின்றோரிடம் அவர் கேள்வி கேளாதிருந்ததற்கு இதுவும் ஒரு காரணம் ஆகலாம்.

குடும்பத்தின் நிலை சற்று உயர்ந்த பின்னரும் அவர் ஏழைகளின் தெருக்களை நாடிச் சென்றார். கைக்குழந்தையான தம்பியைத் தள்ளுவண்டியில் வைத்து, நெடுந்தொலைவு நடப்பார். இடிந்த சுவர்களுக்கிடையே யாரோ வளர்த்த தக்காளிச் செடியும், வறுபடும் காப்பிக்கொட்டையின் மணமும், சுடச்சுட வேகும் ரொட்டியின் மணமும் அவரைக் கவர்ந்தன. ஏழையின் வாழ்வில் துன்பத்தை மட்டுமே காண்போர் பலர். டோரதி அங்கே அழகையும் கண்டார்.

உதவித்தொகை பெற்றுப் பல்கலைக்கழகத்தில் சேர்ந்த அவர், இரண்டு ஆண்டுகளில் படிப்பை விடுத்து நியூயார்க் சென்று இதழாளர் ஆனார். தொழிலாளர் போராட்டங்களைப் பற்றி எழுதினார். பெண்களுக்கு வாக்குரிமை வேண்டும் என்று 1917ஆம் ஆண்டு வெள்ளை மாளிகையின் முன் நின்ற பெண்களோடு தாமும் நின்று சிறை சென்றார். சிறையில் உண்ணாநோன்பும் இருந்தார். ஓராண்டு மருத்துவமனையில் செவிலிப் பயிற்சி பெற்றார். புதினம் ஒன்று எழுதினார். அதனால் கிடைத்த பணத்தில் ஸ்டேட்டன் தீவின் கடற்கரையில் சிறு வீடு ஒன்று வாங்கினார். 1926ஆம் ஆண்டு அவருக்கு மகள் பிறந்தாள். தமார் என்று பெயரிட்டார். பிறந்த குழவியைக் கையில் ஏந்தியபோது எழுந்த நன்றியுணர்வே தம்மை இறைவனிடம் அழைத்துச் சென்றதாக அவர் பின்னர் எழுதியுள்ளார். அடுத்த ஆண்டின் இறுதியில் கத்தோலிக்கத் திருச்சபையில் சேர்ந்தார். மகளைத் தனியே வளர்க்கும் பொறுப்பும் அவருடையதாயிற்று.

1929ஆம் ஆண்டு அமெரிக்கப் பங்குச் சந்தை சரிந்தது. தொழிற்சாலைகள் மூடப்பட்டன, வங்கிகள் பல நொடித்தன. 1933ஆம் ஆண்டளவில் உழைப்போருள் ஏறத்தாழ நால்வரில் ஒருவருக்கு வேலை இல்லை. வாடகை கொடுக்க முடியாதவரின் தட்டுமுட்டுச் சாமான்கள் தெருவில் கிடந்தன. அட்டையும் தகரமும் கொண்டு அமைத்த குடிசைகள் பெருநகரங்களின் ஓரங்களில் பெருகின. 1932ஆம் ஆண்டு டிசம்பரில் வேலையற்றோர் தலைநகர் வாஷிங்டனில் பேரணி நடத்தினர். செய்தி எழுதச் சென்ற டோரதி ஓரமாக நின்று அதனைப் பார்த்தார். பார்த்து எழுதுவதன்றித் தம்மால் வேறொன்றும் செய்ய இயலவில்லையே என்று வருந்தினார். அங்குள்ள கோவிலில் மண்டியிட்டு, வழி காட்டுமாறு கண்ணீரோடு வேண்டினார்.

நியூயார்க்குக்குத் திரும்பியபோது வீட்டில் ஒருவர் அவருக்காகக் காத்திருந்தார். கசங்கிய உடை, பைகள் நிறையப் புத்தகங்களும் காகிதங்களும். பிரான்சு நாட்டில் உழவர் குடியில் பிறந்து, ஆசிரியராகப் பணியாற்றி, கனடா வழியே அமெரிக்கா வந்து, உடலுழைப்பால் வாழ்ந்துவந்த பீட்டர் மோரின் என்பவரே அவர். அவர் வாய் ஓயாது பேசுவார். கேட்பவர் களைத்தாலும் விடார். ஆயினும் அவர் பேச்சில் பொருள் இருந்தது. முற்காலக் கிறித்தவர்கள் தம் இல்லத்தில் ஓர் அறையை வழிப்போக்கருக்கென ஒதுக்கி வைத்தனர் என்றும், ஆயர்கள் வீடற்றோருக்கு விடுதிகள் நடத்தினர் என்றும், அவ்வழக்கத்தை மீண்டும் உயிர்ப்பிக்க வேண்டும் என்றும் அவர் வற்புறுத்தினார். முன்பின் அறியாதவர் இளைப்பாறுவதற்கென்றே தெருவை நோக்கித் திண்ணை கட்டிய நம் முன்னோருக்கு இக்கருத்து புதிதாகத் தோன்றியிராது. பசித்தவனுக்கு உணவும் வீடற்றவனுக்கு இடமும் கொடுப்பவர் கிறித்துவுக்கே அவற்றைக் கொடுக்கிறார் என்பது நற்செய்தி நூலின் கருத்து. அதனை உவமையாகக் கொள்ளாது, உள்ளபடியே எடுத்துக்கொள்ள வேண்டும் என்பது பீட்டரின் பிடிவாதம். டோரதி அந்தப் பிடிவாதத்தை ஏற்றார்.

முதலில் தொடங்கியது ஓர் இதழ். சமையலறை மேசையில் எழுதி, கையிலிருந்த சிறு தொகையைக் கொண்டு அச்சிட்ட 'கத்தோலிக் ஒர்க்கர்' என்னும் இதழின் 2,500 படிகள், 1933ஆம் ஆண்டு மே முதல் நாளன்று நியூயார்க்கின் யூனியன் சதுக்கத்தில் விற்கப்பட்டன. விலை ஒரு சென்ட். கையில் காசில்லாத தொழிலாளியும் வாங்க வேண்டும் என்பதற்காக வைத்த விலை அது, பின்னரும் உயர்த்தப்படவில்லை. சில ஆண்டுகளுக்குள் இதழின் விற்பனை ஒரு லட்சத்தைக் கடந்தது.

அவ்விதழில் விருந்தோம்பல் இல்லங்கள் பற்றிப் பீட்டர் எழுதியிருந்தார். அதனைப் படித்துவிட்டு, தங்க இடமின்றி அலைந்த பெண் ஒருத்தி அலுவலகத்துக்கு வந்து நின்றாள். இல்லம் எங்கே என்று கேட்டாள். எழுத்தில் இல்லம் இருந்ததேயன்றித் தெருவில் இல்லை. வந்தவளைத் திருப்பி அனுப்புவதா, எழுதியதை மெய்யாக்குவதா என்னும் நெருக்கடி டோரதிக்கு ஏற்பட்டது. அவர் வாடகைக்கு இடம் எடுத்தார். கட்டில்களை இரந்து பெற்றார். விருந்தோம்பல் இல்லம் அவ்வாறு பிறந்தது. திட்டமும் இல்லை, நிதியும் இல்லை, வாயிலில் ஒரு பெண் நின்றாள், அவ்வளவே.

1936ஆம் ஆண்டு இல்லம் மாட் தெருவுக்கு மாறியது. உடை கேட்டு வந்தவர்களுக்குக் குளிருக்கு இதமாக இருக்கட்டும் என்று ஒரு நாள் காப்பி கொடுத்தனர். மறுநாள் அவர்கள் நண்பர்களையும் அழைத்து வந்தனர். நாளடைவில் விடியுமுன்னரே தெருவில் வரிசை நீண்டது. பெரிய கொப்பரைகளில் காப்பி கொதிக்கும். ஒருவர் ரொட்டியை அரிந்துகொண்டே இருப்பார். பல நூறு பேர் நாள்தோறும் வந்தனர். கொடுத்தது ஒரு கோப்பைக் காப்பியும் ரொட்டித் துண்டுகளுமே. ஆனால் வந்தவர் எவராயினும் அவருக்கு விருந்தினர் என்றே பெயர். வேலை இழந்ததேன், குடிப்பழக்கம் உண்டா, எந்தச் சமயம் என்னும் கேள்விகள் கேட்கப்படவில்லை. உணவுக்கு முன் அறவுரை கேட்க வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. தில்லியிலோ அமிர்தசரஸிலோ குருத்துவாராவின் லங்கரில் வரிசையாக அமர்ந்து உண்டவர்கள் இம்முறையை எளிதில் விளங்கிக்கொள்வர்.

இல்லத்தில் பணி செய்தோருக்குச் சம்பளம் இல்லை. படுக்கையும் உணவும் உண்டு. விருந்தினர் உண்ட அதே உணவு. பிறர் கொடுத்த பழைய உடைகளையே டோரதியும் உடுத்தார். அரசின் நிதியை அவர் நாடவில்லை. ஆண்டில் இருமுறை இதழ் வாயிலாக வாசகர்களுக்கு வேண்டுகோள் விடுப்பார். வருவதைக்கொண்டு மளிகைக் கடனையும் அச்சகக் கடனையும் அடைப்பார். பல வேளைகளில் அடைக்க முடியாமலும் போனது. விருந்தினர் எத்தனை நாள் தங்கலாம் என்று சமூகப்பணியாளர் ஒருவர் கேட்டபோது, எல்லை ஏதும் இல்லை என்றே டோரதி விடையளித்தார். சிலர் ஒரு வேளை உண்டு சென்றனர். சிலர் சாகும்வரை இருந்தனர். அவர்களை அடக்கம் செய்வதும் இல்லத்தின் கடமையாக இருந்தது.

தொலைவிலிருந்து படிக்கும்போது இவையெல்லாம் இனிமையாகவே தோன்றும். அருகில் இருந்தோர்க்கு அப்படியன்று. பேனும் மூட்டைப்பூச்சியும் இருந்தன. குடித்துவிட்டு வந்து சண்டையிட்டோர் இருந்தனர். கொடுத்த உடையை விற்றுக் குடித்தோரும், உண்டபின் ஏசியவரும் இருந்தனர். டோரதி இவற்றை மறைக்கவில்லை. தம் எழுத்தில் வெளிப்படையாகவே குறித்தார். தமக்கு விரைவில் சினம் வரும் என்பதையும் அவர் அறிந்திருந்தார். அவர் மகள் தமார், தன் அன்னையை நூற்றுக்கணக்கானோருடன் பங்கிட்டுக்கொண்டு வளர்ந்தாள். டோரதி ஊர் ஊராகச் சென்று பேசிய காலங்களில் அவள் விடுதிப் பள்ளியில் இருக்க நேர்ந்தது. வந்தவர்க்கெல்லாம் கதவு திறந்த ஒரு வீட்டில் பிள்ளைக்குத் தாய் கிடைப்பது அரிது. அந்த இழப்பு டோரதியின் மனத்தை உறுத்திக்கொண்டே இருந்தது.

இல்லத்துக்கு வந்த செல்வப் பெண்மணி ஒருவர் ஒருமுறை வைர மோதிரம் ஒன்றை நன்கொடையாகக் கொடுத்துச் சென்றார். டோரதி நன்றி கூறி அதனைப் பையில் இட்டுக்கொண்டார். அன்றே, இல்லத்தில் நாள்தோறும் உண்டுவந்த மூதாட்டி ஒருவருக்கு அதைக் கொடுத்துவிட்டார். அம்மூதாட்டி எதற்கெடுத்தாலும் குறை கூறுபவர். உடன் பணிபுரிந்தோர் திகைத்தனர். மோதிரத்தை விற்றிருந்தால் அவருடைய வாடகையை ஓராண்டுக்குக் கொடுத்திருக்கலாமே என்றனர். அதனை விற்பதா, அணிவதா என்று முடிவு செய்யும் உரிமை அம்மூதாட்டிக்கே உண்டு என்றும், வைரத்தைக் கடவுள் செல்வர்க்காக மட்டும் படைத்தாரா என்றும் டோரதி கேட்டார். அவர் செய்தது சரிதானா என்று இன்றும் சிலர் ஐயுறுவர். கணக்குப் பார்த்தால் அது பிழையே. ஏழைக்கு வேண்டியது இன்னதென்று பிறரே முடிவு செய்யும் உலகில், அவர் அந்தக் கணக்கை ஏற்க மறுத்தார்.

மருத்துவ மாணவராக இருந்து பின்னாளில் புகழ்பெற்ற மனநல மருத்துவரும் எழுத்தாளருமான ராபர்ட் கோல்ஸ், 1952ஆம் ஆண்டு டோரதியைக் காண வந்தார். அப்போது டோரதி குடிமயக்கத்தில் இருந்த ஒரு பெண்ணுடன் பேசிக்கொண்டிருந்தார். அப்பெண்ணின் பேச்சு ஓயவில்லை. டோரதியும் பொறுமையாகக் கேட்டுக்கொண்டிருந்தார். இளைஞர் நெடுநேரம் காத்து நின்றார். பேச்சு சற்று நின்றபோது டோரதி எழுந்து வந்து, தங்கள் இருவருள் யாருடன் பேச விரும்புகிறார் என்று அவரைக் கேட்டார். தம்மைக் காணத்தான் வந்திருப்பார் என்ற எண்ணமே அவருக்கு எழவில்லை. அந்த ஒரு கேள்வி தம் வாழ்வின் போக்கை மாற்றியதாகக் கோல்ஸ் பிற்காலத்தில் பலமுறை எழுதினார்.

இரக்கம் காட்டுவோரை உலகம் எளிதில் போற்றும். ஆனால் டோரதி அத்துடன் நிற்கவில்லை. பசித்தவனுக்கு உணவிடுவதும் ஊர்களைக் குண்டுவீசி அழிப்பதும் ஒன்றுக்கொன்று முரணானவை என்று கருதிய அவர், இரண்டாம் உலகப் போரையும் எதிர்த்தார். வாசகர் பல்லாயிரவர் அவரைவிட்டு விலகினர். நாடெங்கும் முப்பதுக்கும் மேற்பட்டதாய் வளர்ந்திருந்த இல்லங்களுள் பாதிக்கு மேல் மூடப்பட்டன. நண்பர்களே சினந்தனர். அவர் தம் கருத்தை மாற்றிக்கொள்ளவில்லை. காப்பி வரிசையையும் நிறுத்தவில்லை. 1949ஆம் ஆண்டு பீட்டர் மோரின் இறந்தார். யாரோ கொடுத்த பழைய உடையில், யாரோ கொடுத்த கல்லறை நிலத்தில் அவர் அடக்கம் செய்யப்பட்டார்.

அடுத்த ஆண்டு இல்லம் கிறிஸ்டி தெருவுக்குப் பெயர்ந்தது. அங்குள்ள கட்டடம் தீப்பாதுகாப்பு விதிகளுக்கு ஏற்றதாக இல்லை என்று கூறி 1956ஆம் ஆண்டு நீதிமன்றம் டோரதிக்கு 250 டாலர் தண்டம் விதித்தது; இல்லத்தை மூடவும் ஆணையிட்டது. மறுமுறை நீதிமன்றத்துக்குப் புறப்பட்டபோது வாயிலில் வழக்கம்போல் ஏழைகள் நின்றுகொண்டிருந்தனர். அவர்களிடையே கசங்கிய உடையுடன் நின்ற ஒருவர் முன்வந்து, தண்டத்துக்கு உதவட்டும் என்று ஒரு தாளைக் கையில் திணித்தார். இரண்டரை டாலர் போலும் என்றெண்ணி டோரதி நன்றி கூறி விரைந்தார். வழியில் பிரித்துப் பார்த்தால், அது 250 டாலருக்கான காசோலை. கொடுத்தவர் ஆங்கிலக் கவிஞர் டபிள்யூ. எச். ஆடன். அவரை அடையாளம் காணத் தவறியதற்கு டோரதி வருந்தினார் எனினும், அவ்வாயிலில் புகழ்பெற்ற கவிஞருக்கும் பெயரற்ற ஏழைக்கும் ஒரே வகை வரவேற்பே இருந்தது என்பதற்கு இதனினும் நல்ல சான்று வேண்டுவதில்லை. நீதிபதியும் தண்டத்தை நீக்கினார்.

சுரங்க ரயில் பாதை அமைப்பதற்காக அந்தக் கட்டடத்தையும் மாநகராட்சி பின்னர் எடுத்துக்கொண்டது. விலையைத் தாமதமாகக் கொடுத்ததனால் வட்டியும் சேர்த்துக் கொடுத்தது. 1960ஆம் ஆண்டு டோரதி அவ்வட்டித் தொகையான 3,579 டாலர் 39 சென்டைத் திருப்பி அனுப்பினார். பணத்தைக்கொண்டு பணம் ஈட்டுவது முறையன்று என்னும் பழங்கிறித்தவக் கொள்கையை அவர் மேற்கொண்டிருந்தார். மளிகைக்கடையில் கடன் இருந்தபோது செய்த செயல் இது.

முதுமையிலும் அவர் ஓய்ந்திருக்கவில்லை. 1970ஆம் ஆண்டு இந்தியாவுக்கு வந்து, கொல்கத்தாவில் அன்னை தெரசாவைச் சந்தித்தார். கைவிடப்பட்டோர் வீதியில் சாகக்கூடாது என்று காளிகாட்டில் இல்லம் நடத்தியவரும், காப்பியும் ரொட்டியும் கொடுத்து நியூயார்க்கில் இல்லம் நடத்தியவரும் ஒருவரையொருவர் அறிமுகம் செய்துகொள்ள நெடுநேரம் தேவைப்பட்டிராது. 1973ஆம் ஆண்டு, 75 வயதில், கலிபோர்னியாவில் பண்ணைத் தொழிலாளருக்காகப் போராடி டோரதி மீண்டும் சிறை சென்றார்.

இறுதி ஆண்டுகளில் அவர் வாழ்ந்தது, வீடற்ற பெண்களுக்காக நியூயார்க்கின் கிழக்கு மூன்றாம் தெருவில் அமைத்த மேரி இல்லத்தில். முன்பு இசைப்பள்ளியாக இருந்த கட்டடம் அது. அங்கே, தெருவிலிருந்து வந்து தங்கிய பெண்களின் அறைகளுக்கு அருகிலேயே அவருடைய அறையும் இருந்தது. 1980ஆம் ஆண்டு நவம்பர் 29ஆம் நாள் அவ்வறையில் அவர் உயிர் பிரிந்தது. மகள் தமார் அருகில் இருந்தார். பைன் மரத்தால் செய்த எளிய பெட்டியைப் பேரப்பிள்ளைகள் சுமந்து சென்றனர். அவர் உடல் ஸ்டேட்டன் தீவில் அடக்கம் செய்யப்பட்டது.

மேரி இல்லத்தின் கதவு இன்றும் திறக்கிறது. அமெரிக்காவிலும் பிற நாடுகளிலும் ஏறத்தாழ நூற்றைம்பதுக்கும் மேற்பட்ட விருந்தோம்பல் இல்லங்கள் நடைபெறுகின்றன. அவற்றுக்குத் தலைமையகம் இல்லை. இதழின் விலை இன்னும் ஒரு சென்ட். 2023ஆம் ஆண்டு முதல் நியூயார்க்கின் மன்ஹாட்டனுக்கும் ஸ்டேட்டன் தீவுக்கும் இடையே ஓடும் பயணிகள் கப்பல் ஒன்று டோரதி டே என்னும் பெயரைத் தாங்குகிறது. அதில் ஏறுவோரிடம் கட்டணம் வாங்குவதில்லை.